பக்கக் குறி

தான் நாள் முழுக்கப் பூட்டுகிற சாமான் ஒரு துவக்கின் மேல் எப்படி இருக்கும் என்பதை, வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அக்னெஸ் பார்த்ததில்லை. பார்க்கவேண்டுமென்று கேட்டதுமில்லை. கொம்பனி கனடாவில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மருந்துக் களஞ்சியத்துக்கும் கண்ணாடி வெட்டுகிற பட்டறைக்கும் நடுவில் இருந்தது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் துவக்குகளில் பூட்டி இலக்குப் பார்க்கிற குறிகளைச் செய்தார்கள். கோயிலில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், “இரும்புச் சாமான் செய்யிற இடம்” என்று சொல்லிவிட்டு அவள் வேறு கதைக்குப் போய்விடுவாள். மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கச் சனம் நிறைந்த கோயில் அது. துவக்கு என்ற சொல்லை எடுத்தால் அங்கே ஒவ்வொருவருக்கும் யாரோ ஒரு ஆளின் முகம் ஞாபகம் வரும்.

அவளுடைய மேசைக்கு வருவது பக்கக் குறி. துவக்கின் மேலே, தூர இலக்கைக் கிட்டக் காட்டுகிற பெரிய ஸ்கோப் இருக்கும். அது உடைந்துபோனாலோ, உள்ளே பனிப்புகார் படிந்தாலோ, சுடுகிறவன் துவக்கை இடப்பக்கமாகக் கொஞ்சம் சரித்தால் போதும். பக்கவாட்டில் பூட்டியிருக்கும் இந்தச் சின்னக் குறி கண்ணுக்கு நேரே எழும்பி வரும். பின்னால் ஒரு வளையம், முன்னால் ஒரு முள். வளையத்தின் நடுவில் முள்ளை நிறுத்தி, முள்ளின் நுனியில் இலக்கை வைத்தால் குண்டு அங்கே போகவேண்டும். அப்படிப் போகும்வரை முள்ளையும் வளையத்தையும் திருகித் திருகிச் சரிப்படுத்துவதற்குப் பெயர் சீரோ. பின்வளையத்தைத் திருகும் குமிழுக்கு அடியில் ஒரு ஸ்பிறிங்கையும் கடுகளவு உருக்குக் குண்டையும் வைத்துப் பூட்டுவதுதான் அக்னெஸின் வேலை. குமிழ் ‘கிளிக்’ என்று நின்ற இடத்திலேயே நிற்பது அந்த ஸ்பிறிங்கால்தான்.

அது 2008ஆம் ஆண்டு நவம்பர். செப்டெம்பரில் கனடாவின் மேற்கு மாகாணமொன்றின் பொலிசாரிடமிருந்து பெரிய ஓடர் வந்திருந்தது. இருநூறு சோடி. அனுப்புவதற்கு முதல் அதில் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்க்கவேண்டும். அதைச் செய்பவன் துஷாந்தன். அவன் இரண்டு முறை போய் இரண்டு முறையும் வாடிய முகத்தோடு திரும்பி வந்தான்.

“சீரோ நிக்குதில்லை,” என்றான்.

முதலாளி ஹடாட் லெபனானிலிருந்து வந்தவர். கத்துகிற ஆள் இல்லை. அவர் அக்னெஸின் மேசையில் வந்து நின்று, குமிழொன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திருகிப் பார்த்தார்.

“ஸ்பிறிங் தளர்வாக இருக்கிறதா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லை,” என்றாள் அக்னெஸ்.

“அப்படியென்றால் நாளைக்கு அவனோடு போய் உன் கண்ணால் பார். பிழையைக் கண்டுபிடித்தால் இருநூறையும் கழற்றி ஸ்பிறிங்கை மாற்றவேண்டும்.”

அவர் போனபிறகு அக்னெஸ் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தாள். பூட்டி முடிக்க அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்திருந்தது. பின்னேரங்களில் அவள் டவுன்டவுன் மாடிக் கட்டடங்களில் கந்தோர் அறைகள் துடைக்கப் போகிறவள். கணவன் மரியதாசன் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி முதுகை முறித்துக்கொண்டு வருடத் தொடக்கத்திலிருந்து வீட்டில் இருந்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை துஷாந்தன் காரோடு கொம்பனி வாசலில் நின்றான். துவக்கு பூட்டிய பெட்டிக்குள் பின்னால் இருந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. திருகோணமலையில் பிறந்து ஆறு வயதில் இங்கே வந்தவன். கனடா இராணுவத்தின் ரிசேர்வ் படையில் சேர்ந்து கந்தகார் போய், அங்கே வாகனம் கண்ணிவெடியில் அகப்பட்டு, போன வருடம்தான் திரும்பியிருந்தான். காயம் பெரிதில்லை, மாறிவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னான். அவனுடைய தாய் ஜெகதீஸ்வரியை அக்னெஸ் ஒருமுறை தமிழ்க் கடையில் சந்தித்திருக்கிறாள். கருவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனிசி, “இனி அவன் போகமாட்டான் அக்னெஸ், எனக்குச் சத்தியம் பண்ணித் தந்திருக்கிறான்” என்று சொல்லியிருந்தார்.

நெடுஞ்சாலை நாற்பதில் மேற்கே ஓடினார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, நகரம் இருக்கிற தீவைவிட்டு வெளியேறி, அறுவடை முடிந்த சோள வயல்களுக்குள் போனார்கள்.

“றேடியோ போடட்டோ அக்கா?”

“உமக்கு வேணுமெண்டால் போடும்.”

அவன் போடவில்லை. அவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். ஊரில் சண்டை நெருங்க, அவளுடைய தங்கை றோசா பிள்ளைகளோடு மடுவை விட்டு வன்னிக்குள்ளே போய்விட்டாள். செப்டெம்பருக்குப் பிறகு அவளிடமிருந்து ரெலிபோன் இல்லை. கார் ஓடும்போது அக்னெஸுக்கு நித்திரை வராது. காரில் நித்திரை கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

சுடுதிடல் ஒரு கிளப்புக்குச் சொந்தமானது. நீளமான தகரக் கூரை, அதன் கீழே கட்டையான மேசைகள், எதிரே வெறும் நிலம், தூரத்தில் மண்மேடு. வேறு யாரும் வரவில்லை. பொறுப்பாளரான கிழவர் பெயர்களைக் கேட்டுவிட்டுச் சிவப்புக் கொடியை ஏற்றினார். பிறகு அடுப்பு எரிகிற குடிசைக்குள் போய், யன்னலோரத்தில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தில் சப்பாத்து பட்டால் கல்லில் பட்ட மாதிரிச் சத்தம் வந்தது.

ஐம்பது மீற்றரில் கடதாசி இலக்கைக் குத்திவிட்டு வந்து துஷாந்தன் துவக்கை வெளியே எடுத்தான். அக்னெஸ் தன்னுடைய சாமானை அதில் கண்டாள். பெரிய ஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு முளை முளைத்தது மாதிரி அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“இவ்வளவுதானோ?” என்றாள்.

“இவ்வளவுதான் அக்கா. இதைப் போடுங்கோ,” என்று காதுக்கு மூடுகிறதையும் கண்ணாடியையும் கொடுத்தான். “முதல் சத்தத்துக்குக் கொஞ்சம் பயமா இருக்கும்.”

அவன் துவக்கைச் சரித்துப் பிடித்துச் சுட்டான். அக்னெஸ் பயத்துக்காகக் காத்திருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு இதே சத்தத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியவள் அவள். ஆனால் பயம் வரவில்லை. நடுமுதுகில் ஒரு அலுப்புத்தான் வந்து உட்கார்ந்தது. இன்னும் இது முடியவில்லையா என்கிற அலுப்பு. அவள் முக்காலியில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். அடுத்தடுத்து நாலு வெடி. இலக்கில் ஐந்து ஓட்டைகளும் ஐந்து திசையில் கிடந்தன. ஒன்று கறுப்பு வட்டத்தைவிட்டு வெளியே போய்க் கடதாசியின் ஓரத்தைக் கிழித்திருந்தது.

“பாத்தீங்களோ? இதுதான். எங்க எண்டு திருத்திறது? ஒவ்வொண்டும் ஒவ்வொரு பக்கம்.”

“துவக்கில இப்ப குண்டு இல்லைத்தானே?”

“இல்லை.” அவன் துவக்கைத் திறந்து உள்ளே காட்டினான்.

அக்னெஸ் கையுறையைக் கழற்றி, குறியைப் பெருவிரலால் நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. பையிலிருந்து வேலையிடத்து மஞ்சள் பேனையை எடுத்துக் குமிழையும் அதன் அடிக்கட்டையையும் சேர்த்து ஒரு கோடு கீறினாள். பூட்டுகிற ஆணிக்கும் அப்படியே ஒரு கோடு போட்டாள்.

“இப்ப சுடும்.”

அவன் சுட்டான். ஓட்டைகள் முன்னையைப்போலவே சிதறின. கோடுகள் இரண்டும் முறியாமல் நேராக இருந்தன.

“ஸ்பிறிங் அசையேல்லை தம்பி. ஆணியும் அசையேல்லை.”

“அப்ப என்ன?”

“எனக்கு என்ன தெரியும்? நீர்தானே சுடுறனீர்.”

அவன் துவக்கைச் சரித்துக் காட்டினான். சரித்துப் பிடிக்கிற அளவு ஒவ்வொரு வெடிக்கும் மாறினால் குண்டும் மாறிப்போகும், அதுவாகத்தான் இருக்கும் என்றான். சரிவு மாறாமல் இருக்க என்ன செய்யலாமென்று இருவரும் யோசித்தார்கள். கிழவரிடம் கேட்டு மணல் மூட்டைகள் வாங்கி வந்தார்கள். துவக்கைச் சரித்து வைத்து, பிள்ளைக்குத் தலையணை வைக்கிற மாதிரி அக்னெஸ் இரண்டு பக்கமும் மூட்டைகளால் அணைத்தாள். கையை எடுத்தாலும் துவக்கு அசையாமல் அப்படியே நின்றது.

அவன் மறுபடி சுட்டான். மறுபடியும் சிதறல்.

காற்று வயலைக் கடந்து வந்து கூரைத் தகரத்தை ஆட்டியது. அக்னெஸின் விரல்கள் விறைத்திருந்தன. குசினி யன்னலில் மரியதாசன் வைத்திருக்கும் றேடியோவும், இன்று பின்னேரம் துடைக்கவேண்டிய ஏழாம் மாடியும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. எதையாவது கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும்.

“குண்டைக் கழட்டிப்போட்டு வெறுமனே குறி பாரும். சரியா வந்தவுடன கையை எடும். நானும் ஒருக்கா அதுக்குள்ள பாக்கிறன்.”

அவன் துவக்கை வெறுமையாக்கித் திறந்து வைத்தான். குனிந்து வளையத்துக்குள் பார்த்தான். மூட்டையை இங்கே கொஞ்சம் தள்ளினான், அங்கே கொஞ்சம் அழுத்தினான்.

“ஓம். நேரா நிக்குது. முள்ளின்ர நுனியில கறுப்பு.” கையை எடுத்து விலகினான்.

அக்னெஸ் அவனுடைய இடத்தில் குனிந்தாள். வளையத்துக்குள் முள் தெரிந்தது. ஆனால் அது நடுவில் இல்லை. கறுப்பு வட்டமும் முள்ளின் நுனியில் இல்லை, நன்றாக இடப்பக்கம் விலகி நின்றது. தன்னுடைய தலை பிழையான இடத்தில் இருக்கிறதாக்கும் என்று நினைத்து அவள் தலையை அசைத்துப் பார்த்தாள். எப்படி வைத்தாலும் சரியாக வரவில்லை.

“இது நேரா இல்லையே.”

“அசைஞ்சிருக்கும். விடுங்கோ, திரும்ப வைக்கிறன்.”

அவன் திரும்ப வைத்தான். இந்த முறை அவள் பக்கத்திலேயே நின்றாள். மூட்டை அசையவில்லை, துவக்கு அசையவில்லை. அவன் “ஓம்” என்றதும் குனிந்து பார்த்தாள். இப்போது கறுப்பு மேலே ஏறி வலப்பக்கத்தில் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். அவன் இலக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

“தம்பி, உமக்கு அந்த முள் தெரியுதோ?”

அவன் மூட்டையை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

“துஷாந்தன்.”

“ஓரம் தெரியுது,” என்றான். “நடுவில பாத்தால் இல்லை. நடுவில சாம்பல் மாதிரி ஒண்டு. அங்க வாகனம் வெடிச்சதுக்குப் பிறகு சின்னதா இருந்தது. மாறும் எண்டு நினைச்சன். இந்தக் கோடை முழுக்க வளந்துகொண்டு போச்சு.”

“ஸ்கோப்பில தெரியுமோ?”

“ஸ்கோப்பில எல்லாம் பெரிசாத் தெரியும். கொஞ்சம் பக்கத்தால பாத்துச் சமாளிப்பன். இதில ஏலாது.”

“கார்?”

“இடது கண் நல்லா இருக்கு அக்கா. உண்மையா. கார் ஓடலாம்.”

அக்னெஸ் மேசையோரத்து மர வாங்கில் உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக ஹடாட் அவளுடைய மேசையைத் தாண்டும்போதெல்லாம் நடையைக் குறைத்து அவளுடைய கைகளைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பக்கத்து மேசைக்காரி மதியச் சாப்பாட்டை வேறு இடத்தில் போய்ச் சாப்பிடத் தொடங்கியதும் நினைவுக்கு வந்தது.

“உமக்கு இது முதலே தெரியும்,” என்றாள்.

“முதல் நாள் தெரியாது. ரெண்டாம் நாள் தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு வந்து, சீரோ நிக்குதில்லை எண்டு சொன்னனீர்.”

“அக்கா, சொல்லாதேங்கோ.” அவன் அவளுக்கு முன்னால் குந்தினான். “மாசியில எனக்குப் படையில மெடிக்கல். என்ர செக்ஷன் பெடியள் திரும்பக் கந்தகார் போறாங்கள். நானும் பேர் குடுத்திருக்கிறன். இது வெளியில தெரிஞ்சால் என்னை எடுக்கமாட்டாங்கள். ஹடாட்டுக்குப் படையில ஆக்களைத் தெரியும், கட்டாயம் கதைப்பார். ஸ்பிறிங்தான் பிழை, அக்கா மாத்தினா, சரியா வந்திட்டுது எண்டு சொல்லுவம்.”

“நீர் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினதெண்டு அம்மா சொன்னா.”

அவன் நிலத்தில் கிடந்த சுட்ட கோதொன்றை எடுத்து உருட்டினான்.

“நான் பொய் சொல்லமாட்டன் எண்டு இல்லை,” என்றாள் அக்னெஸ் நிதானமாக. “என்ர வாயால எத்தினையோ பொய் சொல்லியிருக்கிறன். இமிகிரேஷனில சொன்னன், கோயிலில இப்பவும் சொல்லுறன். இன்னொண்டு சொல்லுறது எனக்குப் பெரிய காரியமில்லை. ஆனா ஸ்பிறிங் பிழை எண்டு நீ சொன்னால் அந்த இருநூறையும் நான் கழட்டவேணும். நல்ல ஸ்பிறிங்கை எடுத்து எறிஞ்சுபோட்டு இன்னொரு நல்ல ஸ்பிறிங்கைப் போடவேணும். என்னால ஏலாது, துஷாந்தன். எனக்குச் சத்தியமா ஏலாது.”

நீர் என்றது நீயானதை இருவரும் கவனித்தார்கள். அவன் எழும்பிப்போய்த் தூணில் சாய்ந்து நின்றான். யன்னலுக்குள் கிழவர் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார்.

அக்னெஸ் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். “இடது கண் நல்லம் எண்டாய். அதால சுடேலாதோ?”

“இது வலப்பக்கம் பூட்டினது அக்கா. இடத்தோளில வைச்சால் சரிக்கேக்க முகத்தைவிட்டு விலகிப்போகும். கழுத்தை முறிக்கவேணும்.”

“முறி. வந்த வேலையை முடிச்சுப்போட்டுப் போவம். பிறகு நீ என்னத்தையும் சொல்லு.”

அவன் போய்ப் புதுக் கடதாசியொன்றைக் குத்திவிட்டு, மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். இடத்தோளில் துவக்கை வைத்து, கழுத்தை வளைத்து, இடது கண்ணை வளையத்துக்குக் கொண்டுவர வெகுநேரம் பிடித்தது. அக்னெஸ் மூட்டைகளைக் கழற்றி வேறு விதமாக அடுக்கினாள். பழக்கமில்லாத இடக்கை விரல் விசையை அமுக்க அஞ்சியது. துவக்கு சரிந்து கிடந்ததால் சுட்ட குண்டுகளின் சூடான வெற்றுக் கோதுகள் மேலே எழும்பி வந்து விழுந்தன. ஒன்று அவனுடைய சட்டைக் கழுத்துக்குள் போனது. அவன் பிரெஞ்சில் திட்டிக்கொண்டு எழும்பி உதறினான். அக்னெஸுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். அன்றைக்கு அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் இந்த முறை ஓட்டைகள் சேர்ந்து விழுந்திருந்தன. கறுப்புக்குக் கீழே, வலப்பக்கத்தில், ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி.

“கீழ. வலது பக்கம். எல்லாம் ஒண்டாக் கிடக்கு,” என்றாள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப முன்முள்ளை இறக்கவேணும்.”

“குண்டு கீழ போகுது, முள்ளையும் கீழ இறக்கிறதோ?”

“ஓம். முள்ளு இறங்கினால் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர நான் துவக்கின்ர மூக்கைத் தூக்குவன். குண்டு மேல போகும். பின்வளையம் அப்பிடியில்லை. குண்டு எந்தப் பக்கம் போகவேணுமோ அந்தப் பக்கம் தள்ளவேணும்.”

அவள் குமிழைத் திருகி வளையத்தை இடப்பக்கமாக நகர்த்தினாள். மூன்று வருடமாக அவள் பூட்டி, காதருகே வைத்துக் கேட்டு, பெட்டிக்குள் போட்ட கிளிக். அவன் சாவியால் முள்ளை இறக்கினான். சுட்டான். ஓட்டைகள் மேலே ஏறின. இன்னும் கொஞ்சம் திருகினார்கள். சுட்டான். காத்திருந்து, கையை ஊதிச் சூடாக்கி, மறுபடி சுட்டான். வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது கறுப்பின் நடுவில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிழிந்து ஒரு பூவரசம்பூ அளவுக்கு விரிந்திருந்தன. கொண்டுவந்த மற்றக் குறிகளில் இரண்டைப் பூட்டிச் சுட்டார்கள். அவையும் நின்றன. ஸ்பிறிங்கில் ஒரு பிழையும் இல்லை.

அக்னெஸ் கடதாசியை மண்மேட்டிலிருந்து கழற்றி மடித்து அவனிடம் கொடுத்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவளுக்குக் கால் நொந்தது.

திரும்பும் வழியில் சென்ட்-ஆனில் கோப்பி வாங்கினார்கள். பின்னால் துவக்கு இருந்ததால் காரைவிட்டு இறங்க முடியாது. யன்னலால் வாங்கிக்கொண்டு அப்படியே ஓடினார்கள். கோப்பைச் சூட்டில் அவளுடைய விரல்களுக்கு உயிர் வந்தது.

“ஏன் அங்க திரும்பப் போக நினைக்கிறாய்?” என்று கேட்டாள். “எங்கட சனம் கடலால, காட்டால ஓடி வந்தது இதுகளை விட்டிட்டுத்தானே.”

அவன் லொறியொன்றைப் போகவிட்டான்.

“இஞ்ச எனக்கு நித்திரை வாறதில்லை அக்கா. அங்க வந்தது. நாலு பேர் சுத்தவரப் படுத்திருப்பாங்கள், ஒருத்தன் காவல் நிப்பான். படுத்தவுடன நித்திரை. இஞ்ச வீட்டில அம்மா கதவைப் பூட்டிப்போட்டு ரெண்டு தரம் இழுத்துப் பாப்பா. நான் மேல பாத்துக்கொண்டு கிடப்பன்.” கோப்பியை ஒரு வாய் குடித்தான். “வாகனத்தில எனக்குப் பக்கத்தில இருந்த பெடியன் திரும்பி வரேல்லை. அவன்ர இடத்துக்கு ஒரு புதுப் பெடியன் போறான். அவனுக்கு ஒண்டும் தெரியாது.”

வெடித்த வாகனத்தில் அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று அக்னெஸ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான் போலத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு இன்னொரு சாவைக் கேட்டுச் சுமந்துகொண்டு ஏழாம் மாடியைத் துடைக்க அவளால் முடியாது.

“முள்ளுத் தெரியாத கண்ணோட போய் அந்தப் பெடியனுக்கு நீ என்ன செய்வாய்?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் காரைக் கொம்பனி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

எல்லோரும் வீட்டுக்கு வெளிக்கிடுகிற நேரம். ஹடாட் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவர், அவர்களைக் கண்டதும் கழற்றினார். துஷாந்தன் கடதாசியை மேசையில் விரித்தான். அவர் அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார்.

“நல்லது. மிக நல்லது. ஆக, ஸ்பிறிங்தானா?”

மற்ற மேசைக்காரர்கள் பைகளைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்னெஸ் கோட்டைக் கழற்றாமல் கதவோடு நின்றாள். துஷாந்தன் ஓம் என்று சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்கமாட்டாள். மறுக்க வாயைத் திறப்பதே அப்போது அவளுக்குப் பெரிய வேலையாகத் தெரிந்தது. இருநூறு பெட்டிகளையும் திரும்பத் திறக்கிற மேசையை அவள் மனதுக்குள் ஏற்கெனவே துடைத்து வைத்துவிட்டாள்.

“இல்லை,” என்றான் அவன். “ஸ்பிறிங் எல்லாம் நல்லது. பிழை என் கண்ணில். வலது கண்ணால் முன்முள் தெரியவில்லை. இதை இடது கண்ணால் சுட்டேன்.”

ஹடாட் அவனைப் பார்த்தார், பிறகு அக்னெஸைப் பார்த்தார்.

“எவ்வளவு காலமாக?”

“கோடையிலிருந்து.”

“இரண்டு வாரம் இவளுடைய வேலையைத்தான் பிழை என்று நினைத்தேன்.”

“தெரியும்.”

ஹடாட் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்களைக் கசக்கினார். தன்னுடைய அண்ணனும் பெய்ரூத்தில் ஒரு கண்ணை விட்டுவிட்டு வந்தவன்தான் என்று, யாருக்கென்று இல்லாமல் சொன்னார். இனிச் சுட்டுப் பார்க்கிற வேலைக்குக் கிளப்பில் வேறு ஆளைப் பிடிக்கிறேன், நீ நாளையிலிருந்து உள்ளே பூட்டுகிற வேலைக்கு வா என்றார். அக்னெஸிடம் மன்னிப்புக் கேட்க அவர் வாயெடுத்த மாதிரி இருந்தது. ஆனால், “நீ வீட்டுக்குப் போ, களைத்துப்போய் இருக்கிறாய்,” என்றுதான் சொன்னார். அவள் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு மெத்ரோவைப் பிடித்துக் கந்தோர் துடைக்கப் போனாள்.

தை மாதத்தில் துஷாந்தன் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்னெஸையும் கூட்டிக்கொண்டு போனான். கண்ணுக்கு மருந்து விட்டால் பார்வை மங்கும், தனியே திரும்பி வர முடியாது, அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல விருப்பமில்லை என்றான். உள்ளே நடுவில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார்கள். இனி வளராமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது. அவன் அதே கிழமை தானே போய்ப் படைக்காரரிடம் சொன்னான். மெடிக்கலுக்கு அவர்கள் அவனைக் கூப்பிடவில்லை.

ஜெகதீஸ்வரிக்கு அவன் கடைசியில் எப்படிச் சொன்னானோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிசி அக்னெஸுக்கு ரெலிபோன் எடுத்து அழுதார். மலையிலிருக்கிற சென் ஜோசப் கோயிலுக்குப் போய், அந்தப் படியெல்லாம் ஏறி, மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாராம். “உங்கட கடவுளுக்குத்தான் முதல் நன்றி சொன்னன், பிறகு எங்கட பிள்ளையாருக்கும் தேங்காய் உடைச்சன்” என்றார்.

ரெலிபோனை வைத்துவிட்டு அக்னெஸ் கட்டிலில் படுத்திருந்த மரியதாசனிடம் சொன்னாள்:

“பிள்ளையின்ர கண் போனதுக்கு நன்றி சொல்லுற தாயை நான் இப்பதான் காணுறன்.”

மரியதாசன் முதுகை மெல்லத் திருப்பினான். “கண்தானே போனது,” என்றான்.

துஷாந்தன் அக்னெஸுக்குப் பக்கத்து மேசையில் இருந்து ஸ்பிறிங் பூட்டினான். முதலில் மெதுவாகத்தான் செய்தான். தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணின் ஓரத்தால் பார்க்கிற விதத்தைத் தானே பழகிக்கொண்டான். அடுத்த வருடம் ஒரு நாள் காலை அவன் வந்ததிலிருந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஹடாட் வந்து, வேண்டுமென்றால் அரை நாள் லீவு எடு என்று தானாகவே சொன்னார். அவன் எடுக்கவில்லை. மதியம் அக்னெஸ் சோற்றுப் பெட்டியைத் திறந்து பாதியை மூடியில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

“இண்டைக்குப் பெடியள் வெளிக்கிடுறாங்கள்,” என்றான்.

“ஓம்.”

“நான் போய் அனுப்பிப்போட்டு வந்திருக்கலாம்.”

“ஓம்.”

“போக மனம் வரேல்லை அக்கா.”

“ஓம் தம்பி,” என்றாள் அக்னெஸ். “சாப்பிடு. ஆறப்போகுது.”